மார்கழி ரிப்போர்ட்

வருஷத்துல ரெண்டு மாசம் என் தம்பியை நான் சாமின்னுதான் கூப்பிடணும். மீதி பத்து மாசம் அவன் வெறும் டேய். கார்த்திகை பொறந்தா ஐயப்பனுக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டி கட்டிக்கினு, செருப்பில்லாம வந்து நிப்பான். எனக்கு அஞ்சு வயசு சின்னவன், நான் இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்ச பையன். இருந்தாலும் மாலைக்கு மரியாதை குடுக்கணும்னு எங்கம்மா சொல்லிச்சு. அதனால, "வாங்க சாமி, உக்காருங்க சாமி, கையை நீட்டுங்க சாமி"ன்னு சொல்லித்தான் அவன் கையில ஊசி குத்துவேன். அவனும் பெரிய மனுஷன் கணக்கா கண்ணை மூடிக்கினு "சாமி சரணம்"பான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கினு வரும். அடக்கிக்குவேன்.

ரத்தம் எடுக்கிறதுதான் என் வேலை. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. கட்டிக் குடுத்தது விழுப்புரத்துல, வேலை திண்டிவனத்துல ஒரு சின்ன லேப்ல. தினம் காலையில அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சாதான் ஆறரைக்குக் கடையைத் திறக்க முடியும். வெறும் வயித்துல வர்றவங்க அதுக்கு முன்னாடியே படியில உக்காந்திருப்பாங்க. பசி வேற, பயம் வேற, எல்லார் மூஞ்சியும் கடுகடுன்னு இருக்கும். "ஒண்ணும் சாப்பிடலையே?"ன்னு கேட்டா, "சத்தியமா இல்லம்மா, ரெண்டு பொறை தொட்டுக்கினு ஒரு டீ, அவ்ளோதான்"னு ஒருத்தராவது சொல்வாங்க. "அப்ப நாளைக்கு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிடுவேன். எனக்கு வாய் ஜாஸ்தி. ஓனரே, "கொஞ்சம் பார்த்துப் பேசும்மா, கஸ்டமர் ஓடிடுவாங்க"ன்னு அப்பப்ப சொல்வார். ஓடட்டும். தப்பான ரத்தத்தைக் குடுத்துட்டு சரியான ரிப்போர்ட் வேணும்னா நான் எங்க போறது. இப்படி ஊரையெல்லாம் மிரட்டினவதான், சொந்தத் தம்பி விஷயத்துல கோட்டை விட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கப்பா நாப்பத்தாறு வயசுல போயிட்டார். நான் தினம் போற இதே ரூட்டு பஸ்ல, ஜன்னலோர சீட்டுல உக்காந்த மேனிக்கே. தூங்குறார்னு கண்டக்டர் விட்டுட்டிருக்கார். விழுப்புரம் ஸ்டாண்டுல எல்லாரும் எறங்கின பிறகு தோளைத் தட்டிப் பார்த்தா, இல்ல. டிக்கெட்டு விரல் நடுவுல அப்படியே இருந்துச்சாம். ஒரு நாளும் அவர் ரத்தத்தை யாரும் சோதிச்சதில்ல. சும்மா மார் கரிக்குதுன்னு சோடா குடிப்பார். அப்புறம் நான் லேப் படிப்புப் படிக்கிறப்பத்தான் ரத்தத்துல கொழுப்பு, அது இதயத்துக்குப் போற குழாய் சுவர்ல படியறது, அப்பன்கிட்ட இருந்து புள்ளைக்கு வர்றது, எல்லாம் தெரிஞ்சுது. அன்னையில இருந்து என் மனசுல அந்த நாப்பத்தாறு உக்காந்துக்கினு இருக்கு. நான் தாண்டிட்டேன், இப்ப நாப்பத்தேழு. ஆறு மாசத்துக்கொரு தடவை எனக்கு நானே பார்த்துக்குவேன், ஒண்ணும் இல்ல. தம்பிக்கு நாப்பத்திரெண்டு. அவன் தாண்டணும். எனக்கு வேற வேண்டுதல் கிடையாது.

அவன் குட்டியானைன்னு சொல்ற சின்ன லோடு வண்டி வச்சு ஓட்டுறான். விடியக்கால மரக்காணத்துல இருந்து மீனை ஏத்திக்கினு திண்டிவனம் வருவான். அப்புறம் மல்லாட்டைன்னு நாங்க சொல்ற வேர்க்கடலை மூட்டை, சிமெண்ட், கல்யாண வீட்டுக்கு நாற்காலி, எது கிடைச்சாலும். சாப்பாடெல்லாம் ரோட்டு மேலதான். காலையில பாயா, மத்தியானம் குடல் கறி, சாயங்காலம் பரோட்டாவுக்கு மேல ஆம்லெட். ஞாயித்துக்கிழமை குவாட்டர் உண்டு, ஞாயித்துக்கிழமை வாரத்துல ரெண்டு தடவை வரும் அவனுக்கு. ஆனா மாலை போட்டுட்டா ஆளே வேற. பச்சத்தண்ணிக் குளியல், மத்தியானம் ஒரு வேளை சோறு, ராத்திரிக்கு ரெண்டு வாழைப்பழம். கறி, முட்டை, குடி எதுவும் கிட்டவே வராது. அந்த விஷயத்துல அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு சித்திரை மாசம், முதல் தடவையா அவனைப் பிடிச்சு உக்கார வச்சு ரத்தம் எடுத்தேன். கெட்ட கொழுப்பு, டிரைகிளிசரைட்னு இன்னொரு கொழுப்பு, ரெண்டும் எக்கச்சக்கம். டாக்டர் மாத்திரை எழுதினார். அன்னைக்கு வீடு இருந்த இருப்பு இருக்கே, பொணம் விழுந்த வீடு தோத்துடும். அவன் பொண்டாட்டி முந்தானையை வாயில வச்சுக்கினு அழுவுது. எங்கம்மா, "அப்பனை முழுங்கின மாதிரி இவனையும் முழுங்கப் போவுதா"ன்னு கேட்டுட்டு ரெண்டு நாள் சோறு தின்னல. அவன் மூணு வாரம் வண்டியே எடுக்கல. நெஞ்சு மேல கையை வச்சுக்கினு சுவத்தைப் பார்த்துக்கினு படுத்திருந்தான். எனக்கு அவனை அப்படிப் பார்க்க சகிக்கல. எதுக்குடா எடுத்தோம்னு ஆயிடுச்சு.

அந்த வருஷம் மார்கழியில, மாலையோட லேப் பக்கம் வந்தான். மூஞ்சி தெளிஞ்சு, தொப்பை வத்தி, பளிச்சுன்னு இருந்தான். எனக்கு ஒரு யோசனை. "சாமி, ஒரு ட்யூப் குடுத்துட்டுப் போங்க"ன்னேன். ரிப்போர்ட் அவ்ளோ அழகா வந்துச்சு. மாத்திரையும் விரதமும் சேர்ந்து செஞ்ச வேலை அது. நான் அதை ஓடிப் போய் வீட்டுல காட்டினேன். அம்மா சூடம் ஏத்திச்சு. தம்பி பொண்டாட்டி என் கையைப் பிடிச்சுக்கினு, "அண்ணி, உங்களாலதான்"னு சொல்லிச்சு. "இனிமே மாத்திரை கூட வேணாம் போல இருக்கு"ன்னு நான் சொன்னேன். டாக்டரைக் கேக்கல. நானா சொன்னேன். அவனும் அன்னையோட நிறுத்திட்டான்.

அப்புறம் அதுவே பழக்கமாச்சு. மாலை போட்டு முப்பது நாள் ஆனதும் நானே போன் போடுவேன். "இந்த வாரம் வாங்க சாமி, இப்ப எடுத்தா நல்லா வரும்." இதே வாயாலதான் சொன்னேன், இப்ப எடுத்தா நல்லா வரும்னு. அடுத்தடுத்த வருஷம் கெட்ட கொழுப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் இருந்துச்சு, பார்டர்தானேன்னு சொல்லிக்கினேன். வண்டியை ஆர்டிஓகிட்ட எஃப்சி காட்டுறதுக்கு முன்னாடி பெயிண்ட் அடிச்சு, விளக்கு மாட்டி, காட்டினதும் கழட்டி வச்சிடுவாங்களே, அதேதான். வருஷா வருஷம் ஒரு நல்ல பேப்பர். அதை வாங்கி எங்கம்மா சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வைக்கும்.

போன வருஷம் ஆவணியில அவனுக்குக் காய்ச்சல். டெங்குவா இருக்கப் போவுதுன்னு பொண்டாட்டி இழுத்துக்கினு வந்துச்சு. ரத்தம் எடுத்து, ட்யூபை மிஷின்ல சுத்த விட்டேன். பத்து நிமிஷம் சுத்தினா செவப்பு அடியில தங்கி, மேல சீரம் தெளிஞ்சு நிக்கும். தெளிஞ்ச நல்லெண்ணெய் கலர்ல இருக்கணும். எடுத்துப் பார்த்தா வெள்ளையா இருக்கு. பால்ல கொஞ்சம் தண்ணி விட்ட மாதிரி. சுவத்துல தினசரி காலண்டர் தொங்குது. சீரம் தெளிவா இருந்தா அது வழியா பின்னாடி இருக்கிற எழுத்தைப் படிக்கலாம், அந்தப் பழக்க தோஷத்துல ட்யூபை அதுக்கு நேரா பிடிச்சேன். தேதி தெரியல. கொட்டை எழுத்து, அது கூட மறைஞ்சு போச்சு.

சாப்பிட்டுட்டு வந்திருப்பான், அதான்னு சமாதானம் சொல்லிக்கினேன். டெங்கு இல்ல. காய்ச்சல் விட்டு ரெண்டு வாரம் கழிச்சு, பன்னெண்டு மணி நேரம் பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் தொடாதேன்னு சத்தியம் வாங்கிக்கினு மறுபடி வரச் சொன்னேன். அவன் பொண்டாட்டியைக் காவல் வச்சேன். மறுபடி எடுத்தேன், மறுபடியும் வெள்ளை. நூத்தம்பதுக்குள்ள இருக்க வேண்டிய டிரைகிளிசரைட் அறுநூறைத் தாண்டி நிக்குது. கெட்ட கொழுப்பைக் கணக்குப் போட முடியலைன்னு மிஷினே கையை விரிச்சிடுச்சு, தனியா ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்துச்சு. அதுவும் மோசம். அம்மா வீட்டுக்குப் போய் சாமி படத்துக்குப் பின்னாடி இருந்த பேப்பரையெல்லாம் எடுத்து வரிசையா தரையில போட்டேன். அஞ்சு வருஷம், அஞ்சும் மார்கழி. அந்த முதல் சித்திரைக்கு அப்புறம் மீதி மாசத்துல அவன் ரத்தம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல எங்கிட்ட ஒரு பேப்பர் கூட இல்ல.

அன்னையில இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. பஸ்ல உக்காந்தா ஜன்னல் சீட்டுல யாராவது தலையைச் சாய்ச்சுத் தூங்கினா போதும், எழுந்து போய் மூச்சு வருதான்னு பார்க்கணும் போல இருக்கும். ஒரு தடவை மயிலம் கூட்டுரோடு கிட்ட ஒரு பெரியவரை உண்மையிலேயே தட்டி எழுப்பிட்டேன். "என்னம்மா, ஸ்டாப்பு வந்துடுச்சா?"ன்னு கேட்டார். இல்லைங்கன்னு சொல்லிட்டு வந்து உக்காந்தேன். லேப்ல ரெண்டு பேர் ட்யூப்ல பேர் மாத்தி எழுதிட்டேன், நல்ல வேளை நானே பார்த்துத் திருத்தினேன். அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாலு நாள் ஓட்டினேன்.

அஞ்சாவது நாள் மத்தியானம் மார்க்கெட்டுக்கே போனேன். வண்டியில மல்லாட்டை மூட்டை ஏத்திக்கினு இருந்தான். ஒரு மூட்டையைத் தூக்கி வச்சுட்டு, வண்டி ஓரத்தைப் பிடிச்சுக்கினு நின்னான். நெத்தியெல்லாம் வேர்வை. நான் வந்ததைப் பார்த்ததும் நிமிர்ந்து சிரிச்சான்.

"என்னடா அது?"

"எது?"

"நின்னியே, அது."

"சொம்மா கேஸ் டிரபுள்தான்க்கா. ஒரு சோடா அடிச்சா பூடும்."

எங்கப்பா குடிச்ச அதே சோடா. "எத்தினி நாளா?"ன்னு கேட்டேன். மூணு மாசமாவாம். மூட்டை தூக்குறப்ப மட்டும்தான் வருதாம், தாடை வரைக்கும் இழுக்குதாம், ரெண்டு நிமிஷம் நின்னா விட்டுடுதாம். நான் வாய்க்கு வந்தபடி கத்த ஆரம்பிச்சேன். மூட்டை தூக்குறவங்கல்லாம் திரும்பிப் பார்க்கிறாங்க. அவன் என்னை டீக்கடைப் பக்கம் தள்ளிக்கினு போனான்.

"ஏன்க்கா பேஜாரு பண்ற? கார்த்திகை வந்தா மாலை போடப் போறேன். எல்லாம் எறங்கிடும். வருஷா வருஷம் நீதானே பார்த்துச் சொல்ற?"

அங்கதான் சொன்னேன். ரிப்போர்ட் பொய்யில்ல, ஆனா அந்த ஒரு மாசத்துக்குத்தான் உண்மைன்னு சொன்னேன். நல்ல மாசமா பார்த்து உன்னை வரச் சொன்னது நான்தான், மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் நான்தான்னு சொன்னேன். அவன் டீ கிளாஸைக் கையிலயே வச்சுக்கினு இருந்தான். குடிக்கல. கோவப்படுவான்னு பார்த்தேன், படல.

"நீ நல்லா இருக்குன்னு சொல்லுவ. அந்த தைரியத்துலதானக்கா நான் மீதி மாசமெல்லாம் தின்னேன்"னான்.

அவனைக் கெடுத்தது பாயாவும் இல்ல, பரோட்டாவும் இல்ல, நான்தான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். அந்த முடிவு இன்னைக்கும் முழுசா மாறல.

ஜல்தி ஜல்தின்னு அடுத்த நாளே விழுப்புரத்துல ஒரு இதய டாக்டர்கிட்ட இழுத்துக்கினு போனேன். ஓடுற மிஷின்ல ஏத்தினாங்க, நாலு நிமிஷம் தாண்டல, நிறுத்திட்டாங்க. டாக்டர் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் புரட்டினார். அஞ்சு வருஷமா ஓரளவு நல்லா இருந்த ரத்தத்துக்கு இப்படி ஒரு நெஞ்சு எப்படின்னு அவருக்கே குழப்பம். தேதியைப் பார்த்தார். "எல்லாம் டிசம்பர், ஜனவரியா இருக்கே?"ன்னார். தம்பி என்னைக் காட்டிக் குடுக்கல, "அப்பதான் சார் டைம் கிடைக்கும்"னான். எனக்குப் பொறுக்கல. "விரத மாசம் சார், நல்லா வரட்டும்னு நான்தான் பார்த்து எடுத்தேன், நான் லேப் டெக்னீஷியன்"னு சொல்லிட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "ஒரு மாசம் சுத்தமா இருந்தா ரத்தம் கொஞ்சம் இறங்கிக் காட்டும்மா, குழாய்ச் சுவர்ல வருஷக் கணக்கா ஏறினது அப்படி இறங்காது"ன்னு மெதுவாத்தான் சொன்னார். அப்புறம் புதுச்சேரிக்குச் சீட்டு எழுதினார், ஆஞ்சியோ பார்க்க.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில அவனை உள்ள கூட்டிக்கினு போன பிறகு நான் உக்காரவே இல்ல. வராண்டாவுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துக்கினே இருந்தேன். தம்பி பொண்டாட்டி, "உக்காருங்க அண்ணி, எனக்குத் தலை சுத்துது"ன்னு சொல்லிச்சு. அதுக்கு இன்னும் விஷயம் தெரியாது. என்னாலதான்மான்னு சொல்லிடலாமான்னு ஒவ்வொரு சுத்துக்கும் யோசிச்சேன், சொல்லாமலே அடுத்த சுத்து நடந்தேன். ஒரு மணி நேரத்துல கூப்பிட்டு கம்ப்யூட்டர்ல படத்தைக் காட்டினாங்க. கறுப்பு கறுப்பா கிளை ஓடுது, ஒரு இடத்துல நூல் கணக்கா ஒடுங்கிப் போயிருக்கு. ஒரு குழாய்ல முக்கால்வாசிக்கு மேல அடைப்பு, இன்னொண்ணுல பாதி, மூணாவது சுவர்ல ஆரம்பிச்சிருக்கு. பெரிய அடைப்புக்கு அப்பவே குழாயை விரிச்சு வைக்கிற ஸ்டென்ட் வச்சிடலாம்னாங்க. கையெழுத்துப் போடச் சொல்ல தம்பி பொண்டாட்டி என்னைப் பார்த்துச்சு. போடும்மான்னேன். போட்டுச்சு. நாங்க வெளியில வந்து, அவனுக்கு நல்லபடியா வச்சு முடிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சதும், எல்லாத்தையும் அதுகிட்ட சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அது என்கூடச் சரியா பேசல. நியாயம்தான்.

கார்த்திகை வந்துச்சு. இந்த வருஷம் மலை ஏறக் கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டார். குருசாமியும், "உடம்பைப் பாரு சாமி, அடுத்த வருஷம் போலாம்"னுட்டார். பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா மாலை இல்லாத கார்த்திகை. எனக்குப் பயம் வேற மாதிரி பிடிச்சுக்கிச்சு. மாலை இருந்தாலாவது ரெண்டு மாசம் வாயைக் கட்டுவான், இப்ப அதுவும் இல்லையேன்னு. மாத்திரை போட்டியா, என்ன சாப்பிட்டே, வண்டியில யார் மூட்டை ஏத்துறாங்கன்னு தினம் போன்ல நச்சரிப்பேன். "போட்டேன்க்கா, வை"ம்பான். மார்கழி பாதி தாண்டினதும், டெஸ்டுக்கு வாடான்னு கூப்பிட்டேன். "இப்ப வேணாம்"னான். ஏன்டான்னா பதில் இல்ல. இன்னொரு வாரம் விட்டுக் கூப்பிட்டேன், எடுக்கல. மறைக்கிறான், பழையபடி ஆரம்பிச்சுட்டான்னு எனக்கு உறுதியாயிடுச்சு. பொங்கலுக்குப் பொங்கல் வச்சேனே தவிர, என்ன தின்னேன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

தை நாலாந் தேதி காலையில லேப்பைத் திறக்கப் போறேன், படியில உக்காந்திருக்கான். லுங்கி, பழைய சட்டை, கால்ல செருப்பு. கறுப்பு வேட்டி இல்லாம, யாரும் இழுத்துக்கினு வராம, அவனா ரத்தம் குடுக்க வந்து நான் பார்த்ததே இல்ல.

"நேத்து வீட்டுல கறி. நாலு துண்டு தின்னேன், மறைக்கல. சாயங்காலம் ஆறு மணியோட நிறுத்திட்டேன், அப்புறம் தண்ணிதான். இப்ப எடு"ன்னான்.

"மார்கழியில கூப்பிட்டேனே, வந்திருக்கலாம்ல?"

"மார்கழியில நான் எப்பவும் நல்லவன்தானக்கா. மாலை இல்லன்னாலும் பழக்கம் விடல. இப்ப இருக்கிறதை எடு."

"கையை நீட்டுடா"ன்னேன். நீட்டினான். ரப்பர் பட்டையைக் கட்டி ரத்தம் எடுத்தேன். மிஷின்ல வச்சுச் சுத்த விட்டேன். வெளியில ரெண்டு பேர் வந்து நின்னாங்க, கொஞ்சம் இருங்கன்னேன். பத்து நிமிஷமும் அந்த மிஷின் மூடி மேல கையை வச்சுக்கினு நின்னேன். அது நிக்குறதுக்குள்ள திறக்கப் போயிட்டேன், அவன்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினான்.

ட்யூபை எடுத்தேன். நான் பார்க்கல. நேரா காலண்டருக்கு முன்னாடி கொண்டு போய் பிடிச்சுக்கினு, மூஞ்சியைத் திருப்பிக்கினேன்.

"நீயே பார்த்துச் சொல்லு. ஏதாச்சும் தெரியுதா?"

அவன் கிட்ட வந்து குனிஞ்சான். ஒரு கண்ணை மூடிக்கினு, ட்யூப் வழியா எழுத்துக் கூட்டிப் படிச்சான்.

"தை. நாலு."